உள்ளும் புறமும் ஒன்றான தையல்



ஒரு சட்டைக்காக அரண்மனையில் சண்டை வந்த கதை தெரியுமா? ஆண்டு 1530. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, தம் மனைவி கேத்தரினை விலக்கிவிட்டு ஆன் போலினை மணக்கத் துடித்துக்கொண்டிருந்தார். விவகாரம் ரோமாபுரி வரை போய்விட்டது. இருந்தும் மன்னருக்குப் புதுச் சட்டை வேண்டும் என்றபோது, துணி என்னவோ கேத்தரினிடம்தான் போனது. இதைக் கேள்விப்பட்ட ஆன் போலின், துணியைக் கொண்டுபோன அரண்மனை அதிகாரியை அழைத்து வாய்க்கு வந்தபடி ஏசினார். கேத்தரினின் அக்காள் மகனான பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர் யூஸ்டஸ் சாப்புயி இதைத் தம் மடலில் எழுதியிருக்கிறார்.

கணவன் தள்ளிவைக்க வழக்காடுகிறான். அவன் சட்டைத் துணி மட்டும் மனைவியின் கையை விடவில்லை. ஆன் போலினுக்குக் கோபம் வந்ததில் வியப்பென்ன?

அந்தக் காலத்துச் சட்டை உடலோடு ஒட்டிக் கிடந்த உடை. மேலே போட்ட வெல்வெட்டையும் கம்பளியையும் துவைக்க முடியாது. வியர்வையைத் தாங்கியது உள்ளே போட்ட வெள்ளை லினன் சட்டைதான். அதைத்தான் மீண்டும் மீண்டும் துவைத்தார்கள். முழுச் சட்டையும் மேலங்கிக்குள் மறைந்துவிடும். வெளியே எட்டிப் பார்ப்பது கழுத்துப் பட்டியும் மணிக்கட்டுப் பட்டியும் மட்டுமே. அந்த இரண்டு இடங்களில்தான் கறுப்புப் பட்டு நூலால் பூத்தையல் போட்டார்கள். அதற்குப் பெயர் பிளாக்வொர்க். வெள்ளைத் துணி, கறுப்பு நூல், வேறு வண்ணம் இல்லை. சிவப்பிலும் நீலத்திலும் தைத்தவர்கள் உண்டு என்றாலும் கறுப்பே பேரெடுத்தது.

கேத்தரின் ஸ்பெயின் நாட்டு இளவரசி. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் வாழ்ந்துவிட்டு 1501இல் இங்கிலாந்துக்கு மணப்பெண்ணாக வந்தவர். அல்ஹம்ப்ராவின் சுவர்களில் நட்சத்திரமும் கட்டமுமாக ஓடும் கோலங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பூத்தையலை ஆங்கிலேயர்கள் ‘ஸ்பானிய வேலை’ என்றே அழைத்தார்கள். கேத்தரின்தான் அதைக் கொண்டுவந்தார் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அது முழு உண்மையல்ல. 1400இல் இறந்துபோன கவிஞர் ஜெஃப்ரி சாசர், தம் கேன்டர்பரி கதைகளில் ஒரு தச்சனின் இளம் மனைவியை வர்ணிக்கும்போது, அவள் உடையின் கழுத்துப் பட்டியில் கரிக்கறுப்புப் பட்டு நூல் வேலை இருந்ததாகச் சொல்கிறார். கேத்தரின் கப்பல் ஏறுவதற்கு நூறாண்டுக்கு முந்தியே, அரண்மனைக்கு வெளியே, ஒரு தச்சன் வீட்டில்! கேத்தரின் காலத்தில் அதற்கு மவுசு கூடியது என்று சொன்னால் பொருந்தும்.

சாசரின் வர்ணனையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த வேலை பட்டியின் உள்ளேயும் இருந்தது, வெளியேயும் இருந்தது என்கிறார். இந்தக் கலையின் உயிர்நாடி அதுதான். மணிக்கட்டில் சுருக்கம் வைத்துத் தைத்த பட்டியை எண்ணிப் பாருங்கள். கையைத் தூக்கினால் உள்பக்கம் தெரியும், இறக்கினால் வெளிப்பக்கம் தெரியும். காலரைத் திறந்து விட்டாலும் அப்படியே. உள்ளே முடிச்சும் நூல் பிசிறுமாக இருந்தால் மானம் போய்விடும். ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரியும் தையலைக் கையாண்டார்கள்.

அதற்கு இன்று வழங்கும் பெயர் ஹோல்பைன் தையல். ஹான்ஸ் ஹோல்பைன் ஊசி பிடித்தவர் அல்லர், தூரிகை பிடித்தவர். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் பிறந்து, ஹென்றியின் அரசவை ஓவியராகி, 1543இல் லண்டனில் இறந்தவர். ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோரை அவர் தீட்டிய ஓவியம் இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அரசியின் மணிக்கட்டுப் பட்டியில் உள்ள கறுப்புத் தையலை, பார்த்துத் திருப்பித் தைக்கும் அளவுக்குத் துல்லியமாக வரைந்திருக்கிறார். தைத்த பெண்ணின் பெயர் எங்கும் இல்லை, வரைந்தவர் பெயர் தையலுக்கே வந்துவிட்டது. கொஞ்சம் அநியாயம்தான்!

தையல் முறை கேட்க எளிது. சாதாரண ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு தையல் மேலே, அடுத்தது கீழே. கோட்டின் முடிவுக்குப் போனதும் திரும்பி வர வேண்டும். போகும்போது விட்ட இடைவெளிகளை வரும்போது நிரப்பினால், இரு பக்கமும் இடைவெளி இல்லாத கோடு கிடைக்கும். கிளை பிரியும் இடத்தில் கிளைக்குள் போய்த் திரும்பி வந்து, பிறகு முதன்மைக் கோட்டைத் தொடர வேண்டும். கையை எடுக்காமல் கம்பிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். ஊசியை எடுப்பதற்கு முன்பே வழியை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பாதியில் வழி தவறினால் நூல் பின்பக்கம் தாவும். தாவிய நூல் அப்பட்டமாகத் தெரியும். தொடக்கத்தில் முடிச்சும் போடக்கூடாது. நூலின் வாலைப் பின்னால் வரும் தையல்களுக்குள் நுழைத்து மறைக்க வேண்டும்.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் சொந்தமான வித்தை என்று நினைக்க வேண்டாம். கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் இல்கல் சேலைகளில் போடும் கசூத்தித் தையலில் ‘கவந்தி’ என்பது இதே போய்த் திரும்பும் தையல்தான். படிக்கட்டுப் போல் ஏறி இறங்கும் ‘முர்கி’யும் இரு பக்கமும் ஒன்றாகவே தெரியும். அங்கேயும் துணியில் படம் வரைவதில்லை. இழையை எண்ணித்தான் தைக்கிறார்கள்.

இன்றைக்குக் கையால் தைத்த பருத்தி ஜிப்பாவிலோ குர்தாவிலோ இந்த வேலையைச் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த எண்ணிக்கையில்தான். கடையில் வாங்கும் பாப்ளின் துணியில் இழைகள் மிக நெருக்கம். எண்ணினால் கண் போய்விடும். பாவும் ஊடையும் ஓர் அங்குலத்துக்குச் சம எண்ணிக்கையில் வரும் துணி தேவை. அங்குலத்துக்கு 28 இழை உள்ள பருத்தித் துணியில் இரண்டிரண்டு இழையாகத் தாண்டினால் அங்குலத்துக்கு 14 தையல் விழும். ஆரம்பத்துக்கு அது போதும். குறுக்குத் தையலுக்கு விற்கும் ஆய்டா துணி எண்ண வசதியானதுதான், ஆனால் விறைப்பாக நிற்கும். கழுத்தில் பட்டால் அறுக்கும். சுவரில் மாட்டலாம், உடுத்த உதவாது.

சாதாரணப் பருத்தியில்தான் தைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் வழி உண்டு. கட்டம் கட்டமான வலைத்துணியை மேலே வைத்து ஓரங்களைத் தற்காலிகமாகத் தைத்துக்கொண்டு, வலையின் துளைகளைப் பார்த்துத் தைக்கலாம். முடிந்ததும் வலையை நனைத்து, அதன் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். பொறுமை வேண்டும்.

இதைவிட நல்ல வழி, பழைய தையல்காரர்கள் செய்ததுதான். அவர்களுடைய சட்டை சதுரமும் நீள்சதுரமுமான துண்டுகளால் ஆனது. துணி வீணாகாது. அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கை தாராளமாக உயரும். நம் ஊர் பாஜு கூரோங்கில் ‘கெக்கெக்’ என்று வைக்கிறார்களே, அதே வேலைதான். கழுத்துப் பட்டியும் மணிக்கட்டுப் பட்டியும் தனித் துண்டுகள். ஆகவே அந்தப் பட்டிகளை மட்டும் எண்ணத்தக்க துணியில் வெட்டி, பூத்தையலை முடித்துவிட்டு, பிறகு சட்டையோடு இணைக்கலாம். தைத்த சட்டை முழுவதையும் மடியில் போட்டுக்கொண்டு திணற வேண்டியதில்லை. பட்டிக்கு உள்ளே வேறு துணி வைத்து மூடினால் மட்டும் இரு பக்கத் தையல் வீண். ஓரத்தைச் சன்னமாக மடித்துத் தைத்தாலே போதும்.

வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்து உலர்த்துங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், நூல் அந்த அளவுக்குச் சுருங்காது. துவைக்காமல் தைத்தால், முதல் துவைப்புக்குப் பிறகு பூவேலை சுருக்கம் விழுந்து கெட்டுவிடும். நூலையும் சோதிக்க வேண்டும். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூல் வேண்டாம். ஆறு இழை நூலைப் பிரித்து, வெளிக்கோட்டுக்கு இரண்டு இழையும் உள் நிரப்பலுக்கு ஒற்றை இழையும் வைத்தால், ஒரே கறுப்பில் அழுத்தமும் மென்மையும் கிடைக்கும். ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும். இழையைக் குத்திப் பிளக்கக்கூடாது.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். எட்டு அங்குல மணிக்கட்டுப் பட்டியில் ஒரே ஒரு நேர்க்கோடு போட 112 தையல். ஐந்து கோடு சேர்ந்த எளிய கரை என்றால் 560. இரண்டு கைக்கும் 1,120. கழுத்துப் பட்டியை இன்னும் தொடவே இல்லை! கணினி இயந்திரம் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். இயந்திர வேலை தாழ்வு என்று சொல்ல வரவில்லை. தீபாவளிக்கு நான்கு பிள்ளைகளுக்குத் துணி எடுக்கும் குடும்பத்துக்கு அதுவே கட்டுப்படியாகும். ஆனால் இயந்திரத்தில் போட்டதைக் ‘கைவேலை’ என்று விலை சொல்வதும், வீட்டில் உட்கார்ந்து கைப்படத் தைத்த பெண்ணிடம் இயந்திர விலைக்குப் பேரம் பேசுவதும் சரியல்ல. வேறுபாடு கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம். பட்டியைத் திருப்பிப் பாருங்கள். இயந்திரம் மேல்நூல், அடிநூல் என இரண்டு நூலால் தைக்கும். பின்பக்கம் அடிநூல் தெரியும், அது பெரும்பாலும் வெள்ளை. துணிக்கு அடியில் வைத்த தாளின் மிச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். போய்த் திரும்பிய கைத்தையல் என்றால், எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று சொல்லவே தடுமாறுவீர்கள். விற்பவர்களும் பட்டியைத் திருப்பிக் காட்டியே விலை சொல்லலாம். பேரம் தானாகக் குறையும்.

முதலாம் எலிசபெத் அரசி ஆண்ட 1558 முதல் 1603 வரையிலான காலத்தில் இந்தக் கலை வேறு பக்கம் திரும்பியது. எண்ணித் தைக்கும் கட்டங்கள் பின்தங்கின. கொடியும் ரோஜாவும் பூச்சிகளும் படர்ந்தன. அச்சுப் புத்தகப் படங்களின் நிழலைப் போலப் புள்ளிப் புள்ளியாகத் தைத்தார்கள். அழகுதான். ஆனால் எண்ணித் தைத்தபோது இருந்த கண்டிப்பு அதில் இல்லை.

அந்தக் கால வேலைப்பாடுகளில் எஞ்சியவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ளன. கறுப்புச் சாயம் அன்று ஓக் மரக் காயின் துவர்ப்பையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்யப்பட்டது. கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகின்றனவே, ஏறக்குறைய அதே கூட்டு. அந்த இரும்பு காலப்போக்கில் பட்டு நூலையே தின்றுவிடும். லினன் துணி நிற்கும், பூ உதிர்ந்துவிடும். சில துண்டுகளில் இன்று மிஞ்சியிருப்பவை ஊசித் துளைகள் மட்டுமே. அந்தத் துளைகளை வரிசையாக எண்ணி, எந்தப் பூ எங்கே இருந்தது என்று இன்றும் வரைந்து எடுக்கிறார்கள்.

இன்றைய பருத்தி நூலுக்கு அந்த ஆபத்து இல்லை. குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி செய்தால் போதும்.