நாகவல்லி பேசிய தமிழ்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ‘எனக்குப் பிடித்த பாட்டும் படமும்’ என்ற தலைப்பில், குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

எனக்குப் பத்து நிமிஷம் தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் டான்ஸ் உடுப்போடு காத்திருப்பதால் அதற்குள் முடித்துவிடுகிறேன்.

விழாவுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும்போது நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் வந்தது. “இது தமிழ்நாடு, மலையாளப் பாட்டு எதற்கு?” என்று சிலர் கேட்டார்கள். “அப்படியானால் நாங்கள் வரவில்லை” என்று இரண்டு வீட்டார் சொன்னார்கள். சொன்னபடி இன்றைக்கு வரவும் இல்லை. அதை மனதில் வைத்துத்தான் இந்தப் படத்தைப் பேச எடுத்துக்கொண்டேன்.

1993-இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரத்தாழ்’. பிள்ளைகளே, நீங்கள் பார்த்த ‘சந்திரமுகி’க்கு மூலம் இதுதான். இதன் சில காட்சிகளை நம் பக்கத்தில், பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தார்கள். அந்த அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. நம் ஊர்க் கதையே அப்படித்தான்.

கங்கா என்ற படித்த பெண் கணவனோடு பழைய தறவாட்டு வீட்டுக்கு வருகிறாள். அங்கே முன்பு வாழ்ந்த தஞ்சாவூர் நடனக்காரி நாகவல்லியின் கதை அவள் மனதில் புகுந்துவிடுகிறது. தானே நாகவல்லி என்று ஆனதும் அவள் தமிழில் பேசுகிறாள். எம்.ஜி. ராதாகிருஷ்ணன் இசையமைத்த அந்த நடனப் பாட்டிலும் தமிழ் வரிகள் வருகின்றன. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்த நடிப்பு அது.

கோழிக்கோட்டில் படம் பார்க்கிறவருக்கு, வீட்டுப் பெண் திடீரென்று வேற்று மொழி பேசுவது திகிலாக இருந்திருக்கும். எனக்கு அந்த இடத்தில் பயம் வரவே இல்லை. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து, காதலித்தவனோடு சேரவிடாமல், கடைசியில் கொன்றும் போட்ட ஒரு பெண் அவள். அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிகிறது. பேச்சு புரிந்துவிட்டால் அப்புறம் பேயாவது, ஒன்றாவது! பாவம் என்றுதான் தோன்றியது.

2005-இல் தமிழில் ‘சந்திரமுகி’ வந்தபோது என்ன செய்தார்கள்? அவளைத் தெலுங்கு பேச வைத்தார்கள். மலையாளப் படத்தில் பேய்க்குத் தமிழ், தமிழ்ப் படத்தில் பேய்க்குத் தெலுங்கு. பக்கத்து வீட்டு மொழியைத்தான் பேய்க்குக் கொடுக்கிறோம்!

“நம் பெரியவர்கள் தமிழுக்காகப் போராடிய மண் இது டீச்சர்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். நேசமணி ஐயா காலத்துப் போராட்டத்தை யாரும் மறக்கக் கூடாது. 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். தமிழ்மொழிக்கு இங்கே உரிய இடம் வேண்டும் என்று கேட்ட போராட்டம் அது. பக்கத்து வீட்டுக்காரன் பாட்டை நிறுத்து என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டு ரேடியோவில் ஊசியைக் கொஞ்சம் திருப்பினால் திருநெல்வேலி, இன்னும் கொஞ்சம் திருப்பினால் திருவனந்தபுரம். இரண்டையும் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

தமிழ்ப் பாட்டை மட்டும் கேட்போம் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நம் ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1952-இல் ‘பணம்’ படத்தை இயக்கினார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையராகச் சேர்ந்து இசையமைக்கத் தொடங்கியது அந்தப் படத்தில்தான். ராமமூர்த்தி திருச்சிக்காரர். எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில். அவர் எந்த ஊர் என்று பார்த்து அன்றைக்கு ஒதுக்கியிருந்தால், நம் கல்யாண வீடுகளில் இன்றுவரை ஒலிக்கிற எத்தனை பாட்டு இல்லாமல் போயிருக்கும்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு முந்தின நாள் இரவு, இதே ஹாலில் ‘மணிச்சித்ரத்தாழ்’ போடலாம். செயலாளர் அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். நாளைக்குச் சாயங்காலம் அவரும் நானும் அந்த இரண்டு வீட்டுக்கும் போய் அழைக்கப் போகிறோம். வாட்ஸ்அப்பில் வாதாடியவர்களில் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. ஆறு மணிக்கு லிஃப்ட் பக்கத்தில் நிற்போம்.