சாய்ந்த பனையின் தலை எந்தப் பக்கம்?



காற்றுச் சேதத்தை ஆராயும் கருத்தரங்கைக் கொழும்பிலோ பேராதனையிலோ வைக்காமல் இந்தத் தீவில் ஏன் வைக்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். இந்தக் கரம்பொன் தனிநாயகம் அடிகளார் பிறந்த ஊர் என்பது ஒரு விடை. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைத் தமிழுலகம் அறியச் செய்தவர் அவர். இருந்த இடத்தில் இருந்துகொண்டு அவர் அதைச் செய்யவில்லை. மற்ற விடை இந்த மண்டபத்துக்கு வெளியே இருக்கிறது. தேநீர் இடைவேளையில் ஒழுங்கை வழியே கொஞ்சம் நடந்து பாருங்கள். பனை நிற்கிறது, பூட்டிய வீடு நிற்கிறது, அந்தப் பக்கம் கடல் தெரிகிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த மூன்றையும் பற்றித்தான்.

ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை இடிமழைக் காலத்திலும் தீவுப்பகுதியில் சில நிமிடங்களுக்குள் வந்து போகும் ஒரு காற்றை நீங்கள் அறிவீர்கள். பத்து வீட்டு ஓடு போகும், பதினோராவது வீட்டு முற்றத்தில் காயப்போட்ட துணி கொடியிலேயே கிடக்கும். மறுநாள் பத்திரிகை அதை 'மினி சூறாவளி' என்று எழுதும். கிராம அலுவலர் வந்து முழுச் சேதம் எத்தனை, பகுதிச் சேதம் எத்தனை என்று எண்ணிப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்குப் போகும். தறப்பாளும் உலர் உணவும் வரும். அதோடு கோப்பு மூடப்படும். அடித்தது உண்மையான சுழல்காற்றா, இடிமுகிலிலிருந்து கொட்டிய காற்றா, எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எவ்வளவு வேகம் என்று அந்தக் கோப்பைப் புரட்டி யாரும் அறிய முடியாது. இழப்பை எண்ணுகிறோம், காற்றை எழுதுவதில்லை. என் குறை இதுதான்.

நிவாரணத்தைக் குறைசொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். கூரை போனவனுக்கு முதலில் வேண்டியது தறப்பாள்தான், ஆய்வாளன் அல்ல.

காற்றை எழுதலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் தெட்சுயா புஜிதா. 1920இல் யப்பானின் கொக்குரா நகர்ப் பகுதியில் பிறந்தவர். 1945 ஓகஸ்ட் 9இல் அணுகுண்டு முதலில் விழ இருந்தது அந்தக் கொக்குராவில்தான். வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரங்களில் புஜிதா நாகசாகிக்குப் போனார். அங்கே மயானத்தில், கல்லறைகளுக்கு முன்னால் பூவைக்கும் மூங்கில் குழல்கள் ஒரு பக்கம் மட்டும் கருகி இருந்தன. கருகிய பக்கத்தைப் பார்த்துக் குண்டு வெடித்த இடத்தைக் கணக்கிட முனைந்தார். குண்டு விழுந்த இடத்தைச் சுற்றி மரங்கள் நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் வெளிநோக்கிச் சரிந்திருந்ததும் அவர் மனத்தில் பதிந்தது.

பின்னர் அவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1971இல் சேதத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் அளவையை வெளியிட்டார். 1974 ஏப்ரல் 3, 4ஆம் திகதிகளில் அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 148 சுழல்காற்றுகள் இறங்கின. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சிறு விமானத்தில் ஏறி அந்தத் தடங்களின் மேலே பறந்தபோது, ஒரு காட்டில் மரங்கள் சுழன்று விழாமல் நடுவிலிருந்து வெளிநோக்கி விழுந்திருப்பதைப் புஜிதா கண்டார். நாகசாகியில் பார்த்த அதே கோலம். இது சுழல் அல்ல, முகிலிலிருந்து நேரே கீழே கொட்டித் தரையில் பட்டு நாலா பக்கமும் சிதறிய காற்று என்று முடிவு கட்டினார். பலர் நம்பவில்லை. 1975 ஜூன் 24இல் நியூயோர்க்கின் கெனடி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று இடிமழைக்குள் விழுந்து நூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அந்தக் கொட்டுகாற்றே காரணம் என்று அவர் காட்டினார். இன்று பெரிய விமான நிலையங்களில் காற்று முறிவை எச்சரிக்கும் கருவிகள் இருப்பதற்கு அந்த ஆய்வே வழி திறந்தது.

நாம் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. சுழல்காற்றில் மரங்கள் தடத்தின் நடுவை நோக்கிக் குவிந்தும் பின்னியும் விழும். நமது அரைக்கோளத்தில் அது பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அது போகும் திசைக்கு வலப்புறத்தில் சுழற்சியும் ஓட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கத்தில் சேதம் கூட. கொட்டுகாற்றில் மரங்கள் விசிறிபோல வெளிநோக்கி விழும். ஆகவே விழுந்த மரத்தின் தலை எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தால் போதும், பாதிச் சேதி கைக்கு வந்துவிடும். அதற்கு வேண்டியது ஒரு திசைகாட்டி. இப்போது அது எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கிறது.

சுழல்காற்று அமெரிக்காக்காரனின் சங்கதி, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாற்றிலேயே மிக அதிகம் பேரைக் கொன்ற சுழல்காற்று வங்காளதேசத்தின் தௌலத்பூர், சட்டூரியாப் பகுதியில் 1989 ஏப்ரல் 26இல் அடித்தது. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். நம் கடலில் அந்த அளவுக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முகிலிலிருந்து யானைத் தும்பிக்கைபோல் நீர்த்தாரை இறங்குவதைக் கண்ட கடற்றொழிலாளர் இந்தச் சபையிலேயே இருப்பார்கள். அது கரையேறினால் அதுவும் சுழல்காற்றுத்தான்.

கருவிகள் இதைப் பிடிக்காதா என்று கேட்பீர்கள். நமக்கு அண்மையில் இருக்கும் டொப்ளர் ராடர்களில் ஒன்று காரைக்காலில் இந்திய வானிலைத் துறை வைத்திருப்பது. அது இங்கிருந்து சுமார் 140 கிலோமீற்றர் தூரம். பூமியின் வளைவையும் கற்றையின் சாய்வையும் கணக்கிட்டால், அந்தக் கற்றை ஊர்காவற்றுறைக்கு மேலே வரும்போது தரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உயரத்தைத் தாண்டிவிடும். மழையைக் காணும். பனைவெளியில் நூறு மீற்றர் அகலத்தில் நடப்பதைக் காணாது. ஒரு நகரத்தில் ஒரு காற்றுமானி இருப்பதும், அந்த நூறு மீற்றர் சரியாக அதன்மேல் வந்தால்தான் உதவும். எனவே சேதமே நமக்குக் கருவி.

அந்தக் கருவியை அப்படியே கடன்வாங்க முடியாது. அமெரிக்கர்கள் புஜிதாவின் அளவையைத் திருத்தி 2007இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வீடு, பாடசாலை, மின்கம்பம், மரம் என்று 28 அடையாளங்களை வைத்து, ஒவ்வொன்றும் எந்த அளவு உடைந்தால் எந்த வேகம் என்று வகுத்தார்கள். பழைய அளவையில் ஐந்தாம் தரம் மணிக்கு 420 கிலோமீற்றரில் தொடங்கியது, திருத்தியதில் 322 போதும் என்று ஆயிற்று. நல்ல வீட்டைத் தரைமட்டமாக்க அவ்வளவு காற்றுத் தேவையில்லை, கட்டிய விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். யப்பானியர் 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த தங்கள் அளவையில் தெருவோரக் குளிர்பான இயந்திரத்தையும் கல்லறைக் கல்லையும் சேர்த்தார்கள். அவர்கள் ஊரில் எங்கும் இருப்பவை அவை. நம் ஊரில் எங்கும் இருப்பது எது? பனை, கிடுகு வேலி, ஓட்டு வீடு, சீற் கொட்டில், தூணில்லாத கல் மதில், கரையில் இழுத்து வைத்த வள்ளம், மீன்வாடி. இவற்றில் பல அந்தப் பட்டியல்களில் இல்லை.

இங்கே கண்ணைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கிறது. நீளமான மதில் ஒன்று விழுந்து கிடந்தால் பயங்கரக் காற்று என்கிறோம். ஒற்றைக் கல்லில் தூணில்லாமல் கட்டிய மதில் விழுவதற்கு அவ்வளவு காற்று வேண்டாம். நம் கூரையில் ஓடு சிலாகையின்மேல் தன் பாரத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஆணி இல்லை. அது பறந்ததை வைத்து வேகத்தைக் கூட்டிச் சொல்லக்கூடாது. சிலாகையோடு போனதா, கைமரத்தோடு போனதா, வளையும் தீராந்தியும் நகர்ந்தனவா என்று ஏறிப் பார்க்க வேண்டும். எந்தச் சாய்வில் ஓடு போயிற்று என்பதும் ஏமாற்றும். காற்று அடித்த பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்து ஓடுகளை உறிஞ்சி எடுப்பது உண்டு. காற்று தள்ளும் என்று மட்டும் நினைக்கிறோம். கூரை விஷயத்தில் அது தூக்குவதுதான் பெரிது.

பனை இதற்கு நேர் எதிர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையில் கரைகடந்தபோது தென்னந்தோப்புகள் படுத்தன, பனைகள் பெரும்பாலும் நின்றன. வேதாரணியம் நமக்கு அக்கரைதான், மரமும் ஒன்றே. நன்றாக இருந்த பனை நடுவில் முறிந்தால் அது பெரிய சாட்சி. ஆனால் நன்றாக இருந்ததா என்று பார்த்தாக வேண்டும். முறிந்த இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெளிவைரம் கூர்கூராகக் கிழிந்து, உள்ளே சோற்றி ஈரமாக இருந்தால் அது நேற்றைய முறிவு. உள்ளே கோறையாகி, நார் கறுத்து, கூன்வண்டுத் துளை இருந்தால் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது. வட்டு மட்டும் இல்லாமல் மொட்டையாக நிற்கும் பனையைக் கண்டால் இன்னும் அவதானம் வேண்டும். இடி விழுந்ததாக இருக்கலாம், போரில் ஷெல் விழுந்ததாகவும் இருக்கலாம். உலகத்தில் வேறெந்தச் சேத ஆய்வாளனுக்கும் இந்தக் கடைசிச் சந்தேகம் அவ்வளவாக வராது.

பூட்டிய வீடுகளுக்கும் அதே கதை. 1990களின் தொடக்கத்து இடப்பெயர்வுக்குப் பிறகு தீவுப்பகுதியின் வளவுகள் பல ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருப்பவர்களுக்குச் சொந்தம். ஆளில்லாத வீட்டுக்கு நட்டஈடு கேட்க ஆளில்லை, ஆகவே பட்டியலிலும் அது விடுபட்டுப்போவதுண்டு. ஆனால் ஆய்வாளனுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. குடியிருக்கும் வீட்டில் விடிவதற்குள் ஓட்டைக் கூட்டி அள்ளிவிடுவார்கள், இயந்திர வாள் வந்து மரத்தைத் துண்டு போட்டுவிடும். பூட்டிய வளவில் எல்லாம் விழுந்தபடியே கிடக்கும். பழைய சிதைவு எது, புதியது எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். உடைந்த கல்லில் பாசி பிடித்திருந்தால், சுவர் வெடிப்பில் ஆலங்கன்று வேர் விட்டிருந்தால் அது பழசு. சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தால் புதிசு.

கடல்தான் கடினம். 2013 மே 31இல் ஒக்லகோமாவின் எல் ரீனோவில் அடித்த சுழல்காற்றில் மணிக்கு 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை ஊர்தி ராடர்கள் அளந்தன. ஆனால் அது பெரும்பாலும் வெறுவெளியில் போனதால், சேதத்தை வைத்துக் கொடுத்த தரம் மூன்றுதான். உடைய எதுவும் இல்லாத இடத்தில் காற்று கையெழுத்து வைக்காது. நம் தடம் கரம்பொன்னில் தொடங்கிக் கடலில் இறங்கிக் காரைநகரில் ஏறினால், நடுத்துண்டு காணாமற்போகும். அத்தோடு நிர்வாகமும் அதை வெட்டிவிடும். ஊர்காவற்றுறை ஒரு பிரதேச செயலகம், வேலணை ஒன்று, காரைநகர் ஒன்று, நெடுந்தீவு ஒன்று. ஒரே காற்று வெவ்வேறு படிவங்களில் வெவ்வேறு சம்பவங்களாகப் பதியப்படும். அவற்றை ஒரே வரைபடத்தில் வைத்துக் கோடு இழுப்பது யாருடைய கடமையும் அல்ல என்ற நிலை இருக்கிறது. அந்த நடுத்துண்டைக் கடற்றொழிலாளரின் வாய்மொழிதான் நிரப்ப வேண்டும். எத்தனை மணி என்று கேட்டால் தெரியாது என்பார்கள். கோயில் மணிக்கு முன்னா பின்னா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

எழுதி வைத்தால் என்ன பயன் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பின்விளைவாக, பலத்த காற்றுக்கு ஈடுகொடுக்கும் கட்டடங்களுக்கான கைநூல் 1980இல் வெளிவந்தது. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, சாதாரணக் கட்டடத்துக்கு முதல் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர், இரண்டாவதில் 43, மூன்றாவதில் 33 என்று வேகம் குறித்தார்கள். 49 மீற்றர் என்பது மணிக்கு ஏறக்குறைய 176 கிலோமீற்றர், திருத்திய புஜிதா அளவையின் ஒன்றாம் தரம் முடியும் இடம். இரண்டுமே மூன்று செக்கன் வீச்சைக் கொண்டு கணக்கிடுபவை. அப்படியானால் நம் தடங்கள் எந்தத் தரத்தில் இருக்கின்றன என்று அறிவது, நம் வீட்டுக் கூரையை எதற்குக் கட்டிப்போட வேண்டும் என்று அறிவதுதான்.

எழுதாமல் விட்டதற்கும் சான்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் இலங்கையின் வடக்கைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தின் எத்தனை கர்டர் போயிற்று, ஸ்ரீதரன் என்ற பொறியியலாளர் 46 நாட்களில் அதை எப்படி மீட்டார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அதே இரவு தீவுகளில் எந்தப் பக்கத்திலிருந்து எப்போது காற்று திரும்பியது என்பது முதியவர்களின் வாயில் இருக்கிறது. அந்த முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

இந்த இரு நாள் அமர்வுகளில் கட்டுரைகள் பல வாசிக்கப்படும். தலைவன் என்ற உரிமையில் மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். பனையையும் ஓட்டுக் கூரையையும் மதிலையும் வள்ளத்தையும் கொண்ட ஒரு சேத அளவையின் முதல் வரைவு இங்கிருந்து போக வேண்டும். குறையோடு இருந்தாலும் பரவாயில்லை. 1964ஐக் கண்டவர்களின் வாய்மொழியைப் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு இந்த ஆண்டே பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, பிரதேச செயலக அலுவலர்கள் நால்வர் முன்வரிசையில் இருப்பதால் நேரடியாகவே கேட்கிறேன்: கிராம அலுவலரின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள். காற்று வந்த நேரம் ஒன்று, விழுந்த மரத்தின் தலை நோக்கிய திசை ஒன்று. வாள் வைப்பதற்கு முன் ஒரு படம். அடுத்த ஐப்பசிக்கு முன்னர் அந்தப் படிவம் கிராம அலுவலர்களின் கையில் இருக்க வேண்டும். முதலாம் அமர்வைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.