வீரம் வற்றிவிட்டதாம்!



ஆவடியிலே டாங்கி செய்கிறார்கள். 1965-ஆம் ஆண்டு விஜயந்தா வெளிவந்த தொழிற்சாலை அது. அங்கே உழைத்தவர் இல்லாத தெருவை அம்பத்தூரிலும் பட்டாபிராமிலும் தேடித்தான் காணவேண்டும். டாங்கி செய்யும் கை தமிழன் கை. துப்பாக்கி ஏந்தும் கை மட்டும் வடவன் கை என்று முன்பு ஒரு கதை கட்டினார்கள். அக்கதைக்குப் பலியான ஒரு பட்டாளத்தைப் பற்றிச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

1776-இல் பிறந்தது, 13-ஆவது கர்நாடகப் பட்டாளம். கர்நாடகம் என்றதும் மைசூரை எண்ணிவிடாதீர்கள். ஆர்க்காட்டு நவாபின் சீமைக்கு அன்று அதுதான் பெயர். நமது பூந்தமல்லி வழியே காஞ்சிக்கும் ஆர்க்காட்டுக்கும் போகும் திசையிலேதான் கும்பெனிக்கும் ஐதர் அலிக்கும் போர் நடந்தது. 1780-இல் புள்ளலூரில் கும்பெனிப் படை நொறுங்கிற்று. 1781-இல் சோளிங்கரில் வென்றது. கும்பெனியின் அணியிலே நின்ற சிப்பாய் யார்? உழவன் வீட்டுப் பிள்ளை. யாருக்காகச் செத்தான்? அந்தக் கேள்வி நெஞ்சைச் சுடத்தான் செய்கிறது. ஆனால், சாக அஞ்சினான் என்று எவர் சொல்ல முடியும்? 1806-இல் வேலூர்க் கோட்டையிலே, மீரத்துக்கு 51 ஆண்டுகள் முன்பே, வெள்ளையனையே எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவனும் இந்தச் சென்னைப் படைச் சிப்பாய்தானே!

1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராயிருந்தார் ராபர்ட்ஸ் துரை. தென்னாட்டானிடம் பழைய வீரம் வற்றிவிட்டது என்று தீர்ப்பளித்தார். பல்லாண்டுக் காலம் பாசறைக் காவலிலேயே வைத்திருந்துவிட்டு, உறையிலிட்ட வாளைப் பார்த்து வெட்டவில்லையே என்று குறை கூறுவது நியாயமா? தீர்ப்பு நிலைத்தது. தென்னவர் குறைந்தனர், அவர்கள் இடத்தில் பஞ்சாபியர் புகுந்தனர். நமது பட்டாளம் 1903-இல் 73 என்ற எண் பெற்றது. 1922-இல் மூன்றாம் சென்னை ரெஜிமெண்டின் முதற்பட்டாளமாயிற்று. சில ஆண்டுகளிலே கலைக்கப்பட்டது. காரணம்? சிக்கனமாம்! சென்னையின் பெயர் தாங்கிய நிரந்தரக் காலாட்படையே இல்லாதொழிந்தது.

வந்தது இரண்டாம் உலகப்போர். ஆள் வேண்டும், ஆள்! வற்றிய வீரம் ஒரே இரவில் ஊறிவிட்டது போலும். கலைத்த ரெஜிமெண்டை மீண்டும் எழுப்பினார்கள்; பர்மாவிலே போரிடச் செய்தார்கள். 1948-இல் காஷ்மீரத்துத் திட்வாலிலே போரிட்டது அதே முதற்பட்டாளம். ‘திட்வால்’ என்னும் பெயர் ரெஜிமெண்டின் போர்ச்சிறப்புகளிலே இன்றும் இருக்கிறது. அதன் போர்முழக்கம் என்ன தெரியுமா? “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!” இதற்கு இந்தி மொழிபெயர்ப்பு வேண்டுமென்று எதிரி எவனும் கேட்டதில்லை!

1979-இல், கவச வண்டியேறிப் போரிடும் இயந்திரமயக் காலாட்படையை இந்திய இராணுவம் அமைத்தது. பல ரெஜிமெண்டுகளிலிருந்து பட்டாளங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றுள் முதல் எண் யாருக்குக் கிடைத்தது? 1776-இல் பிறந்து, சிக்கனத்தின் பெயரால் கொல்லப்பட்டு, மீண்டும் எழுந்த அந்தச் சென்னைப் பட்டாளத்துக்கு!