முதற்பாட்டும் முதிர்ந்த பாட்டும்

நேயர்களே, இளமையிலேயே புகழ் பெறுதல் ஒரு பெரும் பேறு என்று பலரும் எண்ணுவர். கலைஞனைப் பொறுத்தவரையில் அது ஒரு சோதனையுமாகும். முதல் ஆக்கமே தலைசிறந்தது என்று உலகம் கொண்டாடிவிட்டால், அதன்பின் அவன் என்ன செய்வான்? அதனையே திரும்பச் செய்தால் வளரவில்லை என்பார்கள். வேறொன்று செய்தால் கெட்டுவிட்டான் என்பார்கள். இவ்விரு பழிகளுக்கும் நடுவே முப்பது ஆண்டுகள் நடந்துவந்த ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அவர் அமெரிக்க ராப் கலைஞரான நாஸ்.

ராப் என்பது தாளத்தின்மீது பேச்சை ஏற்றிச் சொல்லும் கலை. இராகத்துக்கு அதில் இடம் குறைவு. சொல்லும் சந்தமுமே அதன் உயிர். 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், கூல் ஹேர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டு நடத்திய ஒரு கொண்டாட்டத்தையே இக்கலைச் சூழலின் பிறப்பாகப் பலர் கொள்வர். அடுத்த மாதம் 14ஆந் திகதி, அதே நகரிலே பிறந்தவர் நாசிர் ஜோன்ஸ். அவரே பின்னர் நாஸ் எனப் பெயர் பெற்றார். கலையும் கலைஞரும் ஏறக்குறைய ஒரே வயதினர்.

அவர் வளர்ந்த இடம் குவீன்ஸ்பிரிட்ஜ். 1939இல் திறக்கப்பெற்ற மிகப்பெரிய அரசாங்கக் குடியிருப்பு அது. வறுமையும் போதைப்பொருளும் துப்பாக்கியும் அங்கு அன்றாடக் காட்சிகளாயிருந்த காலம். நாஸ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். ஆயினும் வீட்டிலே இசை இருந்தது. தந்தையார் ஓலு டாரா, கோர்னெட் என்னும் ஊதுகருவியை வாசிக்கும் ஜாஸ் கலைஞர்.

1994 ஏப்பிரலில், தமது இருபதாவது வயதில், நாஸ் 'இல்மாட்டிக்' என்னும் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். முழுவதும் ஏறக்குறைய நாற்பது நிமிடங்களே. அதன் நடையில் இரண்டு சிறப்புக்களைக் குறிப்பிடலாம். ஒன்று, ஒலியமைப்பு. ராப் கலையின் தொடக்க காலத்தில் இயைபு பெரும்பாலும் அடியின் இறுதியிலேயே விழும். 1980களின் பிற்பகுதியில் ரகீம் என்னும் கலைஞர் அதனை அடிக்குள்ளேயே பலவிடங்களிற் பரவச் செய்தார். அவ்வழியைக் கற்ற நாஸ், ஒரு தாளவட்டம் முடியுமிடத்தில் நில்லாது அடுத்த வட்டத்துக்குள்ளும் வாக்கியத்தை ஓடவிட்டார். கேட்பவர் மூச்சு விடுமுன் மூன்று காட்சிகள் கடந்துபோம்.

மற்றையது, பார்வை. அந்த இளைஞர் நீதி சொல்லவில்லை. வீரம் பேசுவதோடும் நிற்கவில்லை. சன்னலருகே நின்று தெருவைப் பார்ப்பவர்போலக் கண்டதைச் சொன்னார். ஒரு பாடல் முழுவதுமே சிறையிலுள்ள நண்பர்களுக்கு எழுதும் கடிதமாக அமைந்தது. இன்னொரு பாடலின் முடிவிலே தந்தையாரின் கோர்னெட் ஒலிக்கும். மகன் சொல்லி முடித்தபின் தந்தை சொல்லின்றிப் பேசுவது போன்றிருக்கும். அந்தக் கோர்னெட் ஒலியை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

சோதனை விரைவிலே தொடங்கிற்று. 1996இல் வந்த இரண்டாவது இசைத்தட்டு விற்பனையில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் இரசிகர் பலர், மெருகு கூடிவிட்டது, தெரு மறைந்துவிட்டது என்று குறைபட்டனர். அக்குறை முற்றும் நியாயமானதன்று. அதே இசைத்தட்டில், துப்பாக்கி ஒன்று தன் கதையைத் தானே சொல்வதாக ஒரு பாடலை அவர் அமைத்தார். கண்டதைச் சொன்னவர், இப்போது காணப்பட்ட பொருளுக்குள்ளேயே புகுந்து பேசினார். இது தேய்வன்று, வளர்ச்சியே.

உண்மையான சரிவு 1999இல் வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு இசைத்தட்டுக்கள் வெளியாயின. இரண்டாவதைத் திறனாய்வாளர் பலரும் கடிந்தனர். 2001இல் ஜே-சீ என்னும் சக கலைஞர், முதல் ஆக்கத்தின் பின் தேய்ந்துபோனவர் என்ற பொருள்பட அவரைப் பாட்டிலேயே எள்ளினார். அதே ஆண்டு டிசெம்பரில் நாஸ் மறுமொழி கூறினார். வசைக்கு வசையாக அமைந்த அந்தப் பாடலே பெரும்புகழ் பெற்றது. ஆனால் அதே இசைத்தட்டில், ஒரு கதையை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கிச் சொல்லும் பாடலொன்றும் உண்டு. பாய்ந்த குண்டு துப்பாக்கிக்குள் மீளும். வசையைவிட அப்பாடலே அவர் திறம் குன்றவில்லை என்பதற்குச் சான்று என்பது என் கருத்து.

இதன்பின் நேர்ந்த மாற்றமே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. 2002இல் அவருடைய தாயார் புற்றுநோயால் மறைந்தார். அவ்வாண்டு வந்த இசைத்தட்டில், தாயுடன் இன்னுமொருமுறை நடனமாட ஏங்கும் மகனாக அவர் பேசினார். அங்கே சொற்கள் குறைந்தன, இயைபுகள் எளிமையடைந்தன. துயரத்துக்குச் சிக்கலான நடை பொருந்தாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 2004இல் தந்தையும் மகனும் ஒரே பாடலில் இணைந்தனர். தந்தையின் புளூஸ் இசையும் மகனின் ராப் கலையும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதே அப்பாடலின் செய்தி. பத்தாண்டுகளுக்கு முன்னர் பாட்டின் முடிவில் ஒலித்த தந்தை, இப்போது பாட்டின் நடுவிலே நின்றார். 2012இல் நாஸ் தாமே தந்தையாக நின்று, வளர்ந்துவரும் மகளைப் பற்றிய கவலையைச் சொன்னார். தெருவிலே இளைஞனாக நடந்துகொண்ட முறை இன்று தம் மகளை நோக்கித் திரும்பி வருமோ என்னும் அச்சம் அதில் உண்டு. இருபது வயதில் அத்தகைய பாட்டை அவர் எழுதியிருக்க முடியாது.

2020 முதல் 2023 வரை, ஹிட்-போய் என்னும் இளைய இசையமைப்பாளருடன் சேர்ந்து ஆறு இசைத்தட்டுக்களை வெளியிட்டார். அவற்றுள் முதலாவது, 2021இல் அவருக்கு முதன்முறையாகக் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. ஆறாவது அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் வெளியாயிற்று. குரல் தடித்திருக்கிறது. வேகம் தணிந்திருக்கிறது. பழைய நெருக்கமான பின்னல் எல்லா இடங்களிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் இளைஞனாக நடிக்கும் முதியவரின் குரல் அன்று அது. இழந்த நண்பர்களை எண்ணியும் தப்பிப் பிழைத்தமைக்கு வியந்தும் பேசும் ஒரு மூத்தோரின் குரல்.

ஆகவே, ஒரு கலைஞனின் நடை வளர்கிறது என்றால் என்ன? உத்திகள் பெருகுவது மட்டுமன்று. அவன் எங்கு நின்று பேசுகிறானோ அந்த இடம் மாறுகிறது. அவ்விடத்துக்கேற்பச் சொல்லும் மூச்சும் மாறுகின்றன. சன்னலருகே நின்ற இளைஞர், மகனாகி, தந்தையாகி, மூத்தவரானார்.

'இல்மாட்டிக்' இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதனை எவரும் நம்மிடமிருந்து பறித்துவிட முடியாது, வேண்டும்போதெல்லாம் கேட்கலாம். அதைப் பாடிய இளைஞனை மட்டும் என்றும் இருபது வயதிலேயே நிறுத்திவைக்க நாம் விரும்பலாகாது. நாம் மூப்படைவதுபோல, நமக்குப் பாடியவரும் மூப்படைய உரிமையுடையவர். அவ்வுரிமையை அவருக்கு அளிப்பது கேட்போராகிய நம் கடமை.