நாவில் தமிழ் நட்டவர் ஐவர்

(ஐயப்பன்தாங்கலில் ஆற்றப்பெற்ற உரை)



நம் வாழ்நாளில் கண்ட கலைஞருள் தலைசிறந்தவர் யாவர்? இவ்வினா தேநீர்க் கடையிலும் எழுகின்றது. திருமண வீட்டிலும் எழுகின்றது. பேருந்துக்குக் காத்து நிற்போரிடையும் எழுகின்றது. விடை சொல்வோர் தத்தமக்குப் பிடித்த பெயரைச் சொல்லிப் பூசலிட்டுப் பிரிவர். படம் எத்தனை நாள் ஓடிற்று என்று ஒருவர் எண்ணுவார். எத்தனை கோடி ஈட்டிற்று என்று மற்றொருவர் கணக்கிடுவார். மூன்றாமவர் விருதுகளை அடுக்குவார். கோல் வேறு வேறாக இருக்கையில் அளவு மட்டும் எங்ஙனம் ஒன்றாகும்?

எனவே முதற்கண் அளவுகோலைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இவ்வூர்ப் பெயரே அதனைக் கற்பிக்கின்றது. ஏரியினும் சிறிய நீர்நிலையைத் தாங்கல் என்பது தொண்டை நாட்டு வழக்கு. ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என ஊர்ப்பெயர்கள் பல அதனால் அமைந்தன. தாங்கல் தானே நீரைப் படைப்பதில்லை. பெய்த மழையைத் தாங்கி நின்று, வேண்டும் காலத்து வயலுக்கு விடுகின்றது. மொழிக்குக் கலைஞன் அத்தகைய தாங்கல் ஆவான். புலவர் பொழிந்த தமிழை ஏந்தி வைத்து, ஏட்டைத் தொட்டறியாத உழவன் நாவிலும், களையெடுக்கும் பெண்ணின் நாவிலும் பாயச் செய்பவன் அவனே.

ஆதலின் ஈண்டுக் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: எழுத்தறியாதார் நாவில் நல்ல தமிழொலியை நட்டவர் யார்? இக்கோல் கொண்டு அளந்தால், இன்று ஐம்பது அகவையைக் கடந்து நிற்கும் தலைமுறை கண்டும் கேட்டும் வாழ்ந்த கலைஞருள் ஐவர் முன்னே வருகின்றனர்.

முதலாமவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். 1908-இல் வறிய குடியிற் பிறந்து, இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாய்க் கேட்டல் வேண்டும். கேளாவிடில் அவன் எழுந்து கூச்சலிடுவான். அந்தப் பட்டறையில் அடித்துத் தீட்டப்பட்ட குரல் அவருடையது. கணவரும் பெரும்பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது அம்மையாருக்கு அகவை இருபத்தைந்து. வெள்ளுடை உடுத்து, துறவிபோல் வாழத் தலைப்பட்டார். ஆயினும் பாட்டைத் துறக்கவில்லை. 1935-இல் நந்தனாராகத் திரையில் தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓரிலக்கம் உருவா. 1953-இல் 'ஒளவையார்' வெளிவந்தது. அதன்பின் ஒளவை என்றதும் தமிழர் மனக்கண்முன் வந்து நின்ற முகம் அவர் முகமே. 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள் ஆனார். ஒளவையையும் கவுந்தியையும் நூலிற் படித்தறிந்தவர் சிலர். சுந்தராம்பாள் வழியாக அறிந்தவர் பல்லாயிரவர். 1980-இல் அவர் மறைந்தபோது, ஒலிபெருக்கியை நம்பாமல் வளர்ந்த ஒரு குரல் மரபே பெரும்பாலும் அவரோடு ஓய்ந்தது.

இரண்டாமவர் நடிகர் திலகம் சிவாசி கணேசன் (1928–2001). பள்ளிப் பருவத்திலேயே வீட்டை விட்டு நாடகக் குழுவிற் சேர்ந்த சிறுவன் அவர். அவருக்குப் பள்ளியும் மேடை, ஆசானும் மேடை. பேரறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் சிவாசியாக நடித்த கணேசனுக்கு அப்பெயரையே சூட்டியவர் தந்தை பெரியார். 1952-இல் மு. கருணாநிதியின் உரையாடலோடு 'பராசக்தி' வந்தது. 1959-இல் சக்தி கிருட்டிணசாமியின் உரையாடலோடு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. அவ்வுரையாடல்கள் இசைத்தட்டில் ஏறின. கூம்பு ஒலிபெருக்கி வழியாக ஊர்தோறும் ஒலித்தன. கையெழுத்திடத் தெரியாத வண்டிக்காரர், நீண்ட சொற்றொடரை மூச்சு முறியாமல், லகர ளகர ழகரம் பிறழாமல் சொல்லிக் காட்டினார். நாநுனி மேல்வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்று தொல்காப்பியர் இலக்கணம் கண்டார். அவ்விலக்கணத்தை வகுப்பறைக்கு வெளியே நாடெங்கும் நடத்திக் காட்டியவர் சிவாசி. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்னும் பரிசு பெற்றார். 1995-இல் பிரெஞ்சு அரசு செவாலியே விருது வழங்கிற்று. ஆனால் இந்திய அரசின் சிறந்த நடிகர் விருது ஒருமுறையேனும் அவருக்கு வழங்கப்படவில்லை. விருதையே கோலாகக் கொள்வோர் இதனை நெஞ்சில் நிறுத்துக.

மூன்றாமவர் டி.எம். சௌந்தரராசன். மதுரையில் சௌராட்டிரம் பேசும் குடியிற் பிறந்தவர். வீட்டில் பேசியது வேறு மொழி. வையம் கேட்டது தமிழ். தாய்மொழி பேசுவோரே சொல்லை மென்று விழுங்கிய காலத்தில், வல்லினம் வல்லினமாக, மெல்லினம் மெல்லினமாக ஒலித்தவர் அவர். அவர் பாட்டைக் கேட்டு ஒருவர் எழுதிக்கொண்டே வரலாம், ஐயம் எழாது. சிவாசிக்குப் பாடுகையில் நெஞ்சின் ஆழத்திலிருந்து எழும் கனத்த குரல்; ம.கோ. இராமச்சந்திரனுக்குப் பாடுகையில் சற்றே மெலிந்து, மூக்கொலி சாய்ந்த குரல். கண்ணை மூடிக் கேட்பவரும் திரையில் நிற்பவர் இன்னார் எனச் சொல்லிவிடுவர். பட்டினத்தாராகவும் அருணகிரிநாதராகவும் தாமே நடித்தும் இருக்கிறார். 2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கென அமைந்த பாடலிலும், எண்பது அகவை கடந்த அவர் குரல் ஒலித்தது. 2013-இல் மறைந்தார். மொழி என்பது பிறப்பால் மட்டும் வருவதில்லை, உழைப்பால் வருவது என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நான்காமவர் நாகூர் இ.எம். அனிபா (1925–2015). முறையாக இசை பயின்றவரல்லர். கேள்வியால் பெற்ற இசை. இசுலாமியப் பாடல்களைத் தமிழ் மணக்கப் பாடியவர். திராவிட இயக்க மேடைகளில் தலைவர் பேசுமுன் கூட்டத்தைக் கட்டி நிறுத்தியவர். வெண்கல மணியை ஓங்கி அடித்தாற் போன்ற குரல் அது. இறைவனிடம் இரந்து வேண்டும் அவர் பாடலொன்று பள்ளிவாசல் தெருவைக் கடந்து, பிற சமயத்தார் இல்லங்களிலும் ஒலித்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரும் அக்குரலைத் தம்முடையதாகக் கொண்டனர். சமயம் மக்களைப் பிரித்து நிறுத்தும் இடங்களில் தமிழொலி அவர்களைக் கூட்டி நிறுத்தும் என்பதை நூறு சொற்பொழிவாலும் மெய்ப்பிக்க இயலாது; அனிபா ஒரு பாட்டால் மெய்ப்பித்தார்.

ஐந்தாமவர் பெயரை ஈண்டிருப்போரிற் பலர் கேட்டிருக்கமாட்டீர். அவர் புரிசை கண்ணப்ப தம்பிரான். செய்யாற்றை அடுத்த புரிசையில், வழிவழியாகத் தெருக்கூத்து ஆடும் குடியில் வந்தவர். இத்தொண்டை நாட்டின் தனிக்கலை தெருக்கூத்து. திரௌபதியம்மன் விழாவில் பகலெல்லாம் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து. மத்தளமும் முகவீணையும் தாளமும் முழங்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து, கண்ணாடிச் சில்லுகள் மின்னும் மரக்கட்டை அணிகலன் பூண்டு வேடக்காரன் வெளிப்படுவான். கட்டியங்காரன் வினவ, விருத்தமும் தருவும் வசனமுமாகத் தன் கதையைச் சொல்வான். அந்தி தொட்டு விடியல் வரை ஓர் ஊரே விழித்திருந்து தமிழ் கேட்கும். இத்தனையும் நெஞ்சிலிருந்து வருவன. கையில் ஏடு கிடையாது. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்க்குக் கூத்தின் அடவும் பாட்டும் கற்பித்தவர் கண்ணப்ப தம்பிரான். நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று நகரத்தார் இகழ்ந்த கலையின் காலடியில், நகரத்து நாடகக்காரர் வந்தமர்ந்து பயின்றனர். ஏனைய நால்வர்க்கும் இசைத்தட்டும் திரைச்சுருளும் துணைநின்றன. தம்பிரானுக்கு அவை இல்லை. அவர் கலை மறு ஆளிடம் ஒப்படைக்கப்பட்டாலன்றி வாழாது. ஆகவே ஐவருள்ளும் நாம் மிகுதியாகக் கடன்பட்டிருப்பது அவருக்கே.

ம.கோ. இராமச்சந்திரன் வாழ்ந்த இராமாவரத் தோட்டம் இவ்வூரிலிருந்து சில கல் தொலைவில்தான் உள்ளது. அவரை ஏன் சேர்க்கவில்லை என்னும் வினா எழாதிராது. அவர் பெருமை மக்கள் நெஞ்சில் இடம்பிடித்த பெருமை, நாட்டை ஆண்ட பெருமை, ஈகைப் பெருமை. அதனை அளக்கும் கோல் வேறு. திரையில் அவர் வாயசைக்க மக்கள் நாவில் பதிந்த தமிழில் பெரும்பங்கு சௌந்தரராசன் குரலால் வந்தது. ஆகவே அப்பங்கு ஈண்டு எண்ணப்பட்டே இருக்கின்றது. இசைஞானி இளையராசா போன்று இன்றும் பணியாற்றுவோர் கணக்கு இன்னும் முடியவில்லை. முடியாத கணக்கைக் கூட்டிச் சொல்லுதல் முறையன்று.

இனி, தனித்தமிழ் அன்பர் உள்ளத்தே எழும் தடை ஒன்று உண்டு. "இவ்வைவர் வாயிலும் வடசொல் வரவில்லையா? திரையுரையாடலில் பிறமொழிச் சொல் இல்லையா? கூத்து வசனத்தில் மணிப்பிரவாளம் மண்டிக் கிடக்கவில்லையா?" என்பர். உண்மை. தனித்தமிழ்ச் சல்லடை கொண்டு சலித்தால் ஐவருள் ஒருவரும் முழுமையாகத் தேறார். அதனை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் குறை எவரிடத்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொல், எழுதிக் கொடுத்தவர் கையில் இருந்தது. ஒலி, பாடியவர் நாவில் இருந்தது. தம்மிடம் தரப்பட்டதை அவர்கள் பழுதறச் சொன்னார்கள். நல்ல சொல்லை அவர்களிடம் தரவேண்டியவர் யார்? கற்றவர். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் வித்தை ஊன்றினார்; பாவாணர் சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டினார்; பெருஞ்சித்திரனார் பாட்டாலும் இதழாலும் அதனை வளர்த்தார். அவ்வழி வந்த புலவருள் கூத்துக் குழுவுக்கு ஓர் இரவுக்குரிய கதையைத் தூய தமிழில் எழுதித் தந்தவர் எத்தனை பேர்? மேடையைப் பழித்த கட்டுரைகள் மிகுதி. மேடைக்கு எழுதிய சுவடிகள் குறைவு. நாற்றங்காலில் நாற்று விடாதவன், வயலில் களை மண்டிற்று என்று வெகுள்வது பொருந்துமா?

இன்று நிலைமை மேலும் இறங்கியிருக்கின்றது. பிள்ளைகள் செவியில் விழும் பாட்டில் ஆங்கிலச் சொல் கலப்பது மட்டுமன்று. தமிழ்ச் சொல்லும் ஆங்கில ஒலியில் வருகின்றது. 'பழம்' பலருக்குப் 'பலம்' ஆயிற்று. 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் வேறுபாடு செவியில் தெரியவில்லை. சொல்லைப் பின்னர்த் திருத்தலாம். ஏட்டில் மாற்றி எழுதிவிட்டால் போதும். ஒலி ஒரு தலைமுறை நாவில் அழிந்தால், அதனை மீட்டுத் தர எந்த அகரமுதலியாலும் இயலாது. தாங்கல் தூர்ந்த பின்னும் ஊர்ப்பெயரில் தாங்கல் இருக்கும், தண்ணீர் இராது. மொழிக்கும் அந்நிலை வரலாம்.

ஆதலின் செய்யத்தக்கன சில. ஆடித் திருவிழாவில் மெல்லிசைக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கோர் இரவேனும் தெருக்கூத்துக் குழுவை இவ்வூருக்கு அழையுங்கள்; கூலியில் பேரம் பேசாதீர்கள். எழுத வல்லவர் அக்குழுவினருடன் அமர்ந்து, அவர்தம் தாளத்துக்கும் அடவுக்கும் ஏற்பத் தூய தமிழில் ஒரு கதையேனும் எழுதித் தாருங்கள். பள்ளி ஆண்டுவிழாவில் பதிவுப் பாட்டுக்கு வாயசைத்து ஆடும் பிள்ளையை, ஒரு நாடகவுரையைத் தன் வாயால் சொல்லச் செய்யுங்கள். வீட்டு மூதாட்டியர் பாடும் தாலாட்டையும் நடவுப்பாட்டையும் இன்றிரவே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நாளை என்பது அவர்களைப் பொறுத்தவரை உறுதியன்று.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனம் வேண்டும். ஐவரும் பெரும்படிப்புப் படித்தவரல்லர்; ஆயினும் படித்தவர் செய்யத் தவறியதைச் செய்து முடித்துச் சென்றனர். ஆறாமவர் இக்கூட்டத்தில் ஏதேனும் ஒரு தாயின் மடியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அக்குழந்தையின் செவியில் முதலில் விழும் ஒலி எதுவென்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

வாழ்க தமிழ்!