காய்ந்த பூவுக்கும் சான்றிதழா?

(கமுந்திங்கில் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



பூவைக் காயவைத்து வெளிநாட்டுக்கு விற்க இயலுமா என்று கேட்கிறீர்கள். இயலும். தமிழகத்தின் தூத்துக்குடியிலிருந்து உலர்ந்த பூக்களும் காய்களும் இலைகளும் அலங்காரப் பொருள்களாகக் கப்பலேறுகின்றன. ஆயினும், வாங்கும் நாடுகள் பல, சரக்கோடு ஒரு தாளையும் கேட்கின்றன. அதுவே தாவர நலச் சான்றிதழ்.

"காய்ந்த பூவுக்கு நலம் எதற்கு?" என எண்ணலாம். பூ காய்ந்தாலும் அதன் மடிப்பில் பூச்சியின் முட்டை தங்கியிருக்கும். காம்பில் பூசண வித்துகள் ஒட்டியிருக்கும். காயினுள் களைவிதை உறங்கும். இவை புதிய மண்ணில் பரவினால் பயிர்கள் அழியும். இதனைத் தடுக்கவே 1951-ஆம் ஆண்டில் அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவாயிற்று.

நம் நாட்டில் இச்சான்றிதழை வழங்குவது விவசாய இலாகா. வியாபாரி எழுதித் தரும் கடிதம் இதற்கு ஈடாகாது. முதலில், வாங்கும் நாட்டின் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். நாட்டுக்கு நாடு அவை வேறுபடும். பூவை நன்கு உலர்த்தி, மண்ணையும் விதையையும் நீக்கி, தூய பெட்டியில் அடைத்தல் வேண்டும். சில நாடுகள் புகையூட்டவும் கோரும். அதிகாரி சோதித்த சரக்கோடு சோதிக்காததைக் கலத்தல் கூடாது.

இவ்விதிகளை வீண் தொல்லை என நாம் கருதலாகாது. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்த ரப்பர்க் கன்றுகளுள் சில, நமக்கு அண்மையிலுள்ள கோலகங்சாரில் நடப்பெற்றன. அவற்றின் தாயகம் பிரேசில். ஆனால் அங்கேயே 1928-இல் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய பெருந்தோட்டம் நிலைக்கவில்லை. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் தளிர்களை மீண்டும் மீண்டும் உதிர்த்து மரங்களை வீழ்த்தியது. 1945-இல் அத்தோட்டம் பிரேசில் அரசுக்கே விற்கப்பட்டது.

அந்நோய் இன்றுவரை நம் தோட்டங்களில் காலூன்றவில்லை. கடலும், நம் தாவரக் காப்புச் சட்டங்களும் வேலியாய் நிற்கின்றன. அவ்வேலியை உடைக்க ஒரு பயணியின் பையிலுள்ள இலையே போதும்.

ஆகவே, பிறர் நாட்டுக்குப் பூ அனுப்பும்போது சான்றிதழுடன் அனுப்புவோம். உறவினர் வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ காய்ந்த மலரோ கொண்டுவர விரும்பினால், முன்னதாக அனுமதி பெறச் சொல்வோம். பிறர் பயிரைக் காப்பது நம் கடமை. நம் பால் மரத்தைக் காப்பது நம் குடும்பத்தின் சோற்றைக் காப்பதாகும்.