எஸ்ஸன் நகரத்துப் பாட்டி



1981ஆம் ஆண்டு ஆவணி மாதம். இலங்கையின் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் எங்கள் தோட்டத் தமிழ்ச் சனங்களை அடித்து விரட்டிய நாட்கள். பொழுது சாய்ந்ததும் எங்கள் லய வீடுகளின் விளக்குகளை அணைத்துவிட்டு ரப்பர் மலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டோம். என் அப்பாயியின் மடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் சேலையும் இல்லை, தோடும் இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் மட்டும் இருந்தன. "வீடு எரிஞ்சா கட்டிக்கலாம். இது எரிஞ்சா நாம யாருன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றார்.

அந்தத் தகரப் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பாட்டியும் நினைவுக்கு வருவார். கொழும்பில் வாழ்ந்து மறைந்த கவிஞர் ஆன் ரணசிங்க.

அவர் 1925 அக்டோபர் 2ஆம் திகதி ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அவர் பெயர் அன்னலீஸ் காட்ஸ். அவருக்குப் பத்து வயது நிறையுமுன், 1935இல், ஜெர்மனி யூதர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1938 நவம்பரில் ஓர் இரவு நாடெங்கும் யூதர்களின் ஆலயங்களுக்கும் கடைகளுக்கும் தீ வைத்தார்கள். எஸ்ஸனின் பெரிய ஆலயமும் எரிந்தது. 1939 ஜனவரியில் பெற்றோர் பதின்மூன்று வயது மகளைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார்கள். அதன்பிறகு அவர் அவர்களைப் பார்க்கவேயில்லை. நாஜிகள் இருவரையும் கொன்றுவிட்டார்கள்.

இங்கிலாந்தில் தாதியாகப் பயின்ற அவர், இலங்கை மருத்துவர் ஒருவரை மணந்து 1950களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தார். கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஏழு பிள்ளைகளை வளர்த்தார். பல ஆண்டுகள் வாய்திறவாத துயரம், நாற்பது வயதுக்குமேல் ஆங்கிலக் கவிதையாக வெளிவந்தது. சர்வதேச மன்னிப்புச் சபையின் வெளியீட்டுப் பணியிலும் உழைத்தார்.

பிறகு 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. அவர் வீட்டுக்கு யாரும் தீ வைக்கப்போவதில்லை. அவர் மணந்த அந்த மருத்துவர் சிங்களவர். சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் புகை அவரை எஸ்ஸனுக்கு இழுத்துப்போனது. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன் தான் கண்டதையும் கொழும்பில் அப்போது கண்டதையும் அருகருகே வைத்து ஒரு கவிதை எழுதினார். அதற்கு 'ஜூலை 1983' என்றே தலைப்பிட்டார்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அங்கே அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த அழிவையும் எங்கள் துன்பத்தையும் ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. அவரும் நிறுக்கவில்லை. ஒரு பெரிய தீயைப் பார்த்த கண்ணுக்கு, சின்னத் தீ எங்கே போய் நிற்கும் என்பது தெரியும். அதைத்தான் அவர் நமக்குச் சொன்னார்.

அந்தத் தீ காகிதத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் சனங்களுக்கு அது 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். கொழுந்து பறித்த கையும் ரப்பர் பால் வெட்டிய கையும் ஒரே நாளில் நாடற்ற கைகளாகின. 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இத்தனை இலட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல் வந்த சட்டம்தான் விடிவு. பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று, அப்பாயி அதையும் அதே தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஆன் ரணசிங்க 2016 டிசம்பர் 17ஆம் திகதி, தமது 91ஆவது வயதில், கொழும்பில் காலமானார். பிறந்த நாடு தள்ளிவிட்ட ஒரு பெண், வந்து சேர்ந்த நாட்டில் தாயாகவும் பாட்டியாகவும் வாழ்ந்தார். அந்த நாடு தவறு செய்தபோது அதை எழுதியும் வைத்தார். நாட்டின் மீது அன்பு என்பது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒரு நாள் மாலை, லயத்து வாசலில் அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கதையைச் சொன்னேன். கொழும்பில் எரிந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்ததுதானே. வெற்றிலையைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சொன்னார்:

"பதிமூணு வயசுப் புள்ளைய ஒத்தையில ஏத்திவிட்டுட்டு, அந்தத் தாயி அன்னைக்கு ராத்திரி எப்படித் தூங்குச்சோ."